கண்காட்சியில ரயில் நிக்காம ஓடணும்னா

போன வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் கேஎல்-ல (கோலாலம்பூர்ல) ஒரு மால்ல எங்க மாடல் ரயில் லேஅவுட்ட போட்டிருந்தோம், காலையில 10 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும். எங்க கூட்டத்துல ஒயரிங் எல்லாம் அண்ணே பார்த்துக்குவாரு, எஞ்சின் பாடி டிசைன் பண்ணி பிரிண்ட் போடுறது தம்பி வேலை, மரம் செடி மலை ஸ்டேஷன் கட்டடம் எல்லாம் இன்னும் ரெண்டு பேரு, எஞ்சின் மட்டும் என் பொறுப்பு. ஒன்பது எஞ்சின். வந்து பார்த்தவங்க நிறைய பேரு மலையையும் ரப்பர் மரத்தையும்தான் போட்டோ எடுத்தாங்க, அது சரிதான், அவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க, ஆனா எஞ்சின் நின்னுச்சுன்னா அந்த மலைய யாரும் ரெண்டு நிமிஷம் கூட பார்க்க மாட்டாங்க. ஓடுற ரயில் வளைவு தாண்டி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க, அதுக்காகத்தான் எல்லாமே.

வீட்டுல ஓட்டுறதுக்கும் கண்காட்சியில ஓட்டுறதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா நான் கணக்கு போட்டுத்தான் சொல்லுவேன். நாங்க 1:87 ஸ்கேல், அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு, அதுல 60 கிலோமீட்டர் வேகம்னா தண்டவாளத்துல நொடிக்கு 19 சென்டிமீட்டர். பார்க்க மெதுவாத்தான் தெரியும். ஆனா அதே வேகத்துல 12 மணி நேரம் விடாம ஓடினா ஒரு லைன்ல மட்டும் ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டருக்கு மேல ஆகுது, நிஜமான கிலோமீட்டர், ஸ்கேல் கணக்குல பார்த்தா 720. கேஎல்-ல இருந்து பட்டர்வொர்த் போயிட்டு பாதிக்கும் மேல திரும்பி வந்த மாதிரி. வீட்டுல நான் ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டுவேன், அந்தக் கணக்குல பார்த்தா இந்த மூணு நாள் 36 வாரத்துக்கு சமம். வீட்டுல ஒரு வருஷம் தெரியாம இருக்கிற கோளாறு இங்க ரெண்டாவது நாள் மத்தியானம் வெளிய வந்துடும்.

நான் கேஎல்-ல இருக்கிற செந்தூல்ல பிறந்து வளர்ந்தவ. அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்ஷாப்ல பிட்டர். இப்ப அந்த ஒர்க்ஷாப் அங்க இல்ல, வேலையெல்லாம் பேராக்ல இருக்கிற பத்துகாஜாவுக்கு மாறிடுச்சு, அப்பா அதுக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆயிட்டாரு. எங்க குடியிருப்புல பாதி வீடு ரயில்வே வீடுதான், சைரன் சத்தத்த வெச்சுத்தான் நாங்க ஸ்கூலுக்கு கிளம்புவோம். சின்னப் பிள்ளையில அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போவாரு, வேலி ஓரமா நிறுத்தி இங்க்லீஷ் எலக்ட்ரிக் எஞ்சின காட்டுவாரு, 1957-ல வந்த 20 கிளாஸ் இது, 1971-ல வந்த 22 கிளாஸ் அதுன்னு. 22 கிளாஸ் மேலதான் எனக்கு ஆசை. மூணு மூணு ஆக்ஸில் மாட்டின ரெண்டு போகி (சக்கரத்த தாங்குற அடிச்சட்டம்), ஸ்டார்ட் பண்ணி இழுக்கும்போது வயித்துக்குள்ள கேக்குமே அந்த உறுமல்.

அப்பா சொல்லிக் கொடுத்த ஒண்ணுதான் இன்னிக்கு வரைக்கும் நான் செய்யிறேன். ஓடி வந்த வண்டியோட ஆக்ஸில் பாக்ஸ கையால தொட்டுப் பார்க்கணும், உள்ளங்கைய வைக்கக்கூடாது, புறங்கைய வைக்கணும். புறங்கையிலதான் சூடு சட்டுனு தெரியும், சுட்டாலும் கை தானா விலகிடும், மறுநாள் ஸ்பேனர் பிடிக்க உள்ளங்கை நல்லா இருக்கும்பாரு. எங்க சின்ன எஞ்சின்லயும் அரை மணி நேரம் ஓடி முடிச்சு சைடிங்க்கு (ஓரமா நிறுத்துற லைனுக்கு) வந்ததும் நான் விரலோட பின்பக்கத்த கூரை மேல வைப்பேன். லேசா வெதுவெதுன்னு இருந்தா சரி. மத்த எஞ்சினவிட ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா, அதுக்குள்ள ஏதோ இழுக்குதுன்னு அர்த்தம். ஆக்ஸில்ல முடி சுத்தியிருக்கும், கிரீஸ் காஞ்சிருக்கும், இல்ல மோட்டரே போகப் போகுது. சத்தத்துக்கு முன்னால சூடு சொல்லிடும்.

கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம், அத பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், தெரிஞ்சவங்க கண்டிப்பா கேப்பாங்க. நம்ம மலேசிய ரயில்வே கேடிஎம் மீட்டர் கேஜ், 1:87-ல சரியா செஞ்சா 11.5 மி.மீ. வரணும், 12 மி.மீ. தண்டவாளம்தான் பொருத்தம். நாங்க 16.5 மி.மீ.-ல ஓட்டுறோம், அது ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உள்ளது. ஏன்னா ஆறு ஆக்ஸில் டீசல் எஞ்சினோட ரெடிமேட் சேஸி 16.5-லதான் சுலபமா கிடைக்குது, அது மேல தம்பி பிரிண்ட் பண்ண பாடிய போடுறோம். நேர் எதிர்ல நின்னு பார்த்தா சக்கரம் அகலமா தெரியும், ஒத்துக்குறேன். நான் அந்த விட்டுக்கொடுத்தல சரின்னுதான் நினைக்கிறேன், 12 மணி நேரம் நம்பி ஓட்டக்கூடிய சேஸி இருக்கறதுதான் எனக்கு முக்கியம்.

இப்ப அழுக்கு. எஞ்சின் மெயின்டனன்ஸ்ல பத்துல எட்டு பங்கு இதுதான், அதனால நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன். தண்டவாளத்துக்கு நிக்கல் சில்வர்னு பேரு, அதுல வெள்ளி துளி கூட இல்ல, செம்பு நிக்கல் துத்தநாகம் மூணும் கலந்தது. சக்கரம் அது மேல உருளும்போது கண்ணுக்குத் தெரியாத சின்ன சின்ன தீப்பொறி விழுந்துக்கிட்டே இருக்கும், அதுல கறுப்பா ஒரு படிவு வரும், அது கூட காத்துல இருக்கிற தூசி, எண்ணெய்ப் பசை எல்லாம் சேர்ந்து சக்கரத்துல தார் மாதிரி ஒட்டிக்கும். மால்ல இது இன்னும் மோசம். கார்ப்பெட்ல இருந்து பறக்கிற நூல், கூட்டத்துல இருந்து உதிர்ற முடி, மேல் மாடி பூட்கோர்ட்ல இருந்து வர்ற பொரியல் எண்ணெய் ஆவி. ராத்திரி மால மூடினதும் ஏர்கான் நின்னுடும், நம்ம ஊர் ஈரம் முழுசா உள்ள வந்துடும், காலையில ஏர்கான் போட்டதும் திரும்ப காயும். பிளைவுட் அதுக்கேத்த மாதிரி ஊதிச் சுருங்கும், ரெண்டு பலகை சேர்ற இடத்துல தண்டவாளம் முடி அளவு மேல கீழ ஆயிடும். அதனால காலையில 9 மணிக்கே போயி முதல் வேலையா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் நகத்த வெச்சு இழுத்துப் பார்ப்பேன். நகம் தட்டினா எஞ்சினும் தட்டும்.

தண்டவாளத்த எதால துடைக்கிறதுன்னு ஆளுக்கு ஒரு கட்சி இருக்கு. நாங்க பல வருஷம் ஆல்கஹால்தான் போட்டோம், பார்மசியிலயே கிடைக்கும், சுத்தமா பளிச்சுனு ஆகும், ஆனா மறுநாளே திரும்ப கறுத்துடும். அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது, ஆல்கஹால் மாதிரி போலார் வகை திரவத்தவிட மண்ணெண்ணெய் மாதிரி போலார் இல்லாத வகை துடைச்சா மறுபடி கறுக்க நேரம் எடுக்குமாம். சோதிச்சுப் பார்த்தோம், வெளி லைன்ல மண்ணெண்ணெய் வகை, உள் லைன்ல ஆல்கஹால். எங்க லேஅவுட்ல வெளி லைன் ரெண்டு நாள் தாங்குச்சு, உள் லைன் சாயங்காலமே இருமிச்சு. அதுல இருந்து துணியில நாலே சொட்டு, கரண்ட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, ஜனங்க வர்றதுக்கு முன்னால, அப்புறம் காஞ்ச துணியால இன்னொரு தடவை. நிறைய ஊத்தினா வாடையும் வரும், தீ ஆபத்தும் கூட, மால்ல அனுமதிக்கவும் மாட்டாங்க.

சேண்ட் பேப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். போன தடவை உதவிக்கு வந்த ஒரு பையன், நல்ல மனசுதான், ஒரு வளைவுல எஞ்சின் தயங்குதுன்னு பார்த்துட்டு யாரையும் கேக்காம பையில இருந்து சேண்ட் பேப்பர எடுத்து தேய்ச்சுட்டான். தேய்ச்ச அன்னிக்கு எஞ்சின் ஜம்முனு ஓடுச்சு. ஆனா அந்த கீறல் ஒவ்வொண்ணும் ஒரு வாய்க்கால் மாதிரி, அழுக்கு அதுல போயி உக்காந்துக்கும், துடைச்சாலும் வராது. ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஒரு மீட்டர் தண்டவாளத்த பேத்து எடுத்து புதுசு போட்டோம். அந்தப் பையன திட்டல, பக்கத்துல உக்கார வெச்சு லென்ஸ்ல அந்தக் கீறல காட்டினேன், அவன் இப்ப என்னவிட கவனமா துடைக்கிறான்.

சக்கரம் துடைக்கிறதுக்கு நான் செய்யிற முறை ரொம்ப சுலபம். கிச்சன் டிஷ்யூவ நீளமா மடிச்சு தண்டவாளத்துக்கு குறுக்க போட்டு லேசா நனைப்பேன். எஞ்சினோட ஒரு போகி டிஷ்யூ மேல, இன்னொரு போகி வெறும் தண்டவாளத்துல, அதுதான் கரண்ட் எடுக்கும். கையால எஞ்சின நகராம பிடிச்சுக்கிட்டு நிதானமா ஸ்பீடு கொடுத்தா டிஷ்யூ மேல இருக்கிற சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். பத்து செகண்ட்ல ரெண்டு கறுப்பு கோடு விழும் பாருங்க, பென்சில்ல போட்ட மாதிரி. டிஷ்யூவ கொஞ்சம் இழுத்துட்டு திரும்ப, கோடு சாம்பல் கலர் ஆகுற வரைக்கும். அப்புறம் எஞ்சின திருப்பி அடுத்த போகி. கரண்ட் இல்லாத பெட்டிச் சக்கரத்துக்கு பட்ஸ்தான், அது பொறுமை வேலை, வியாழக்கிழமை ராத்திரி டிவி முன்னால உக்காந்து 40 பெட்டிக்கு துடைச்சேன், ஒரு பெட்டிக்கு எட்டு சக்கரம். பலர் எஞ்சின மட்டும் துடைச்சுட்டு பெட்டிய விட்டுடுறாங்க, அந்தப் பெட்டிங்கதான் அழுக்க ஊர் முழுக்க பரப்புது.

எண்ணெய் விஷயத்துல நான் பட்டது பெரிய பாடு. முதல் கண்காட்சிக்கு முன்னால எல்லா எஞ்சினையும் திறந்து, பிள்ளைங்களுக்கு தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி தாராளமா விட்டேன். சூடேறினதும் எண்ணெய் கியர்ல இருந்து தெறிச்சு சக்கரத்துக்கு வந்து, சக்கரத்துல இருந்து தண்டவாளத்துக்கு, தண்டவாளத்துல இருந்து மத்த எட்டு எஞ்சினுக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு ஆறு பெட்டிய இழுத்துக்கிட்டு ஏத்தத்துல ஒரு எஞ்சினும் ஏறல, சக்கரம் சும்மா வழுக்குது. ரப்பர் டயர் போட்ட சக்கரத்துல எண்ணெய் பட்டா ரப்பர் ஊதி கழண்டுடும், அன்னிக்கு ரெண்டு டயர் போச்சு. ரெண்டு மணி நேரம் லேஅவுட்ட நிறுத்தி துடைச்சோம். பிள்ளைங்க நின்னு பார்த்துட்டு பார்த்துட்டு போனாங்க, அந்த முகமெல்லாம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப பிளாஸ்டிக்க கெடுக்காத எண்ணெய் மட்டும், அதுவும் ஊசி முனையில தொட்டு எடுக்கிற அளவு, மோட்டர் தண்டு ரெண்டு முனையிலயும் ஆக்ஸில் முனையிலயும். கியருக்கு எண்ணெய் இல்ல, பிளாஸ்டிக்குக்கு ஆகுற கிரீஸ் கடுகு அளவு. முக்கியமா கண்காட்சிக்கு முதல் நாள் எண்ணெய் விடக்கூடாது. பத்து நாளைக்கு முன்னாலேயே விட்டு, வீட்டுல ஓட்டி, வழியிறது வழிஞ்சதும் துடைச்சுட்டு கொண்டு போகணும்.

முறை போடுறது அடுத்தது. வெளி லைனுக்கு நாலு எஞ்சின், உள் லைனுக்கு நாலு, ஒண்ணு ஸ்பேர். அரை மணி ஓட்டம், ஒன்றரை மணி ஓய்வு. அப்படின்னா ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் ஓடும். நல்லா ஓடுற எஞ்சின்தானே, அதையே விட்டுடலாம்னு கூட்டம் நிறைய இருக்கும்போது அண்ணே கேப்பாரு, நான் விட மாட்டேன், நல்லா ஓடுறது ஓய்வு கொடுக்கறதாலதான் நல்லா ஓடுது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு அட்டை இருக்கு, ஏறின நேரம், இறங்கின நேரம், சூடு எப்படி, சத்தம் எப்படி. கணக்கு ஆபீஸ்ல வேலை பார்க்கிற பழக்கம், எழுதி வைக்காம என்னால இருக்க முடியாது. ஆனா அந்த அட்டைதான் ஞாயித்துக்கிழமை உதவுச்சு, அதுக்கு வர்றேன்.

நாங்க டிசிசி-ங்கிற டிஜிட்டல் கன்ட்ரோல்ல ஓட்டுறோம், தண்டவாளத்துல எப்பவும் கரண்ட் இருக்கும், எஞ்சினுக்குள்ள இருக்கிற டிகோடர் தன் நம்பருக்கு வர்ற உத்தரவ மட்டும் எடுத்துக்கும். அட்ரஸ் நாலு இலக்கம் வைக்கிறோம், 22118-னு எஞ்சின் மேல எழுதியிருந்தா 2118. காலையில முதல் எஞ்சின வைக்கிறதுக்கு முன்னால அண்ணே 20 சென் காச எடுத்துக்கிட்டு லேஅவுட்ட ஒரு சுத்து சுத்துவாரு. ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க காச வெச்சா, தண்டவாளத்துக்கு கரண்ட் அனுப்புற பூஸ்டர் உடனே கட் ஆகணும். கட் ஆகலன்னா அந்த இடத்துக்கு கரண்ட் சரியா போகல, ஒயர் எங்கயோ லூசா இருக்கு, அந்த மாதிரி இடத்துல ஒரு பெட்டி தடம் புரண்டா கட் ஆகாம சூடேறி பிளாஸ்டிக்க உருக்கிடும். சனிக்கிழமை ஒரு இடத்துல காச வெச்சும் பூஸ்டர் அசையல. கீழ படுத்துப் பார்த்தா மெயின் ஒயர்ல இருந்து மேல வர்ற சின்ன ஒயரோட சால்டரிங் விட்டிருந்துச்சு. பத்து நிமிஷ வேலை, ஆனா காசு வைக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இன்னொரு செட்டிங், கண்காட்சிக்கு போற எல்லாரும் தயவு செஞ்சு செய்யணும்னு நினைக்கிறேன். டிகோடர்ல சிவி 29-னு ஒரு செட்டிங் நம்பர் இருக்கு, அதுல பழைய டிசி கன்ட்ரோலர்லயும் ஓடுறதுக்கு ஒரு வசதிய ஆன் பண்ணி வெச்சே நிறைய டிகோடர் வருது. ஷார்ட் ஆகி கரண்ட் போயி திரும்ப வர்ற அந்த ஒரு கணத்துல சில டிகோடர் குழம்பி, இது டிசி லைன்னு நினைச்சுக்கிட்டு முழு வேகத்துல பாய்ஞ்சுடும். போன வருஷம் எங்களுக்கு நடந்துச்சு. ஒரு பெட்டி, லைன் பிரியிற பாயிண்ட்ல தடம் புரண்டு ஷார்ட் ஆச்சு, கரண்ட் திரும்ப வந்ததும் ஸ்டேஷன்ல நின்ன எஞ்சின் யாரும் தொடாமலே கிளம்பி முன்னால நின்ன சிமெண்ட் பெட்டி வரிசையில போயி மோதுச்சு, தம்பி ரெண்டு வாரம் ராத்திரி உக்காந்து ஒட்டின கைப்பிடிக் கம்பியெல்லாம் போச்சு. இப்ப எல்லா எஞ்சின்லயும் அந்த வசதிய ஆஃப் பண்ணிட்டேன். சிவி 29 மதிப்பு 6-ன்னு இருந்தா 2, நாலு இலக்க அட்ரஸ் வெச்சு 38-ன்னு இருந்தா 34. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட பாயல.

பாடி பத்தி சொல்லணும்னா, தம்பி முதல்ல பிஎல்ஏ பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணினான். அழகாத்தான் இருந்துச்சு. மால் பார்க்கிங்ல இடம் இல்லாம வெளிய வெயில்ல காடிய நிறுத்திட்டு சாப்பிடப் போனோம், வந்து பார்த்தா கூரை நடுவுல அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு. பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும், நம்ம ஊர் மத்தியான வெயில்ல மூடின காடிக்குள்ள அது ஒண்ணும் பெரிய சூடு இல்ல. இப்ப ரெசின் பிரிண்ட், கூரைக்குள்ள டிகோடர் இருக்கிற இடத்துல காத்து போக ரெண்டு ஓட்டை, விசிறி கம்பிக்கு அடியில, வெளிய தெரியாது.

பெட்டிய மாட்டுற கப்ளிங்கோட உயரம், சக்கரத்து உள் அகலம் ரெண்டும் அளவுக் கருவி வெச்சு பார்க்கிற வேலை, சீக்கிரம் முடியும், ஆனா விடக்கூடாது. கப்ளிங்குக்கு கீழ தொங்குற கம்பி அரை மி.மீ. இறங்கினாலும் பாயிண்ட்ல மாட்டும். சக்கரத்துக்கு சக்கரம் உள் பக்கம் 14.4 மி.மீ. இருக்கணும் எங்க தண்டவாளத்துக்கு, குறைஞ்சா ஃப்ராக்ல, அதாவது பாயிண்ட்ல ரெண்டு தண்டவாளம் குறுக்கிடுற இடத்துல, ஏறும், கூடினா நெருக்கும்.

இப்ப ஞாயித்துக்கிழமை. மத்தியானம் 3 மணி இருக்கும், கூட்டம் அப்படி ஒரு கூட்டம், ஸ்கூல் பையன் ஒருத்தன் கயித்துக்கு அந்தப்பக்கம் தரையில உக்காந்து கண்ண தண்டவாளத்துக்கு நேரா வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கான், அரை மணியா நகரல. 2118 வளைவு தாண்டி ஸ்டேஷன்ல நிக்கறதுக்கு வேகம் குறைக்குது. "ஆன்ட்டி, இதுக்கு மட்டும் டிக் டிக்னு சத்தம் வருது" அப்படின்னான். அவ்வளவு இரைச்சல்ல எனக்கு கேக்கல. ஓட்டுறத மெதுவாக்கிட்டு குனிஞ்சு காது கொடுத்தேன். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். ஒரு சக்கரத்து ஓரத்துல வெள்ளைப் புள்ளி வெச்சு எண்ணினேன், சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு டிக், அந்த நேரம் எஞ்சின் முன்னால லேசா ஒரு குலுக்கு. மோட்டர்ல கோளாறுன்னா சத்தம் இன்னும் வேகமா வரும், மோட்டர் பல மடங்கு சுத்துமே. தண்டவாள ஜாயிண்ட்ல வர்ற சத்தம்னா ஒரே இடத்துலதான் வரும். ஒரு சுத்துக்கு ஒண்ணுன்னா ஆக்ஸில்ல இருக்கிற கியர்தான். அட்டைய எடுத்துப் பார்த்தா வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் கையெழுத்துல, '2118 கூரை முன்பக்கம் கொஞ்சம் சூடு'ன்னு இருக்கு. சனிக்கிழமையும் அதே. எழுதி வெச்சுட்டு கூட்டத்துல கவனிக்காம விட்டுட்டேன், அது என் தப்பு, ரெண்டாவது தடவை எழுதும்போதே இறக்கியிருக்கணும்.

அந்தப் பையனுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு 2118-அ இறக்கி, ஸ்பேர ஏத்தினேன். ஸ்பேர் 24 கிளாஸ், கலரும் வேற, உருவமும் வேற, அவன் உடனே கேட்டான், அந்த எஞ்சின் எங்க போகுதுன்னு. ஒர்க்ஷாப்புக்கு போகுதுன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அசதியில அன்னிக்கு ஒண்ணும் பண்ணல. திங்கக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில பேப்பர விரிச்சு, போகிய கழட்டி, கீழ் மூடிய நெம்பி எடுத்தேன். ஆக்ஸில் நடுவுல சின்னதா ஒரு பிளாஸ்டிக் கியர், வெறும் கண்ணுக்கு முழுசா நல்லா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. லென்ஸ் வெச்சு திருப்பினா ரெண்டு பல்லுக்கு நடுவுல முடி மாதிரி ஒரு கோடு, கியர் முழு அகலத்துக்கும் ஓடியிருக்கு. இரும்பு ஆக்ஸில் மேல இறுக்கமா ஏத்தின பிளாஸ்டிக், வருஷம் ஆக ஆக சுருங்கி, இழுவை தாங்காம வெடிச்சுடும். வெடிச்ச இடத்துல ரெண்டு பல்லுக்கு நடுவுல இடைவெளி கூடிடும், அடுத்த கியர் அதுல வந்து இறங்கும்போதுதான் அந்த டிக். அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு, டார்ச்ச அவர் கையில கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எத்தனை பல்லும்மா?" அப்படின்னாரு. எண்ணிச் சொன்னேன். "மத்ததும் இதே வயசுதானே, அதையும் பாரு" அப்படின்னாரு. மத்த அஞ்சு ஆக்ஸிலையும் கழட்டினேன். இன்னொண்ணுல கோடு ஆரம்பிச்சிருந்துச்சு.

ஒட்டிடலாமேன்னு தம்பி மெசேஜ் போட்டான். இந்த கியர் செய்யிற பிளாஸ்டிக் வழவழப்பானது, சூப்பர் குளூ பிடிக்காது, பிடிச்சாலும் பல்லு அளவு மாறிடும். ஒரே வழி புது கியர். ஆறுக்கும் சேர்த்தே ஆர்டர் பண்ணிட்டேன், ஸ்பேருக்கு இன்னும் ரெண்டு. அதே சேஸி போட்ட எஞ்சின் இன்னும் மூணு இருக்கு, இந்த வாரம் ராத்திரிக்கு ஒண்ணா அதையும் திறந்து பார்த்துடணும். புது கியர் வந்ததும் ஆக்ஸில்ல மெதுவா திருகித் திருகி ஏத்தணும், சுத்தியால தட்டக்கூடாது, ஏத்தினதும் 14.4 இருக்கான்னு பார்த்துட்டு ரெண்டு பக்கமும் அரை அரை மணி நேரம் பெட்டி மாட்டாம ஓட்டணும். 2118-ஓட அட்டையில கீழ இப்ப இப்படி எழுதியிருக்கேன்: முன் போகி ஒண்ணாவது, மூணாவது ஆக்ஸில் கியர் வெடிப்பு, ஆறும் மாத்தணும். அப்பா அத வாங்கி கண்ணாடி போட்டு படிச்சுட்டு, தேதி போடலயேன்னு பேனாவ நீட்டினாரு.